பாங்கில் நீக்கப்பட்ட வரி

அளவற்ற அருளாளனின் பெயரால் தொடங்குகிறேன். ஏடன் துறைமுகத்தில் இருக்கும் என் மகன் முஃபள்ளலுக்கு ஃபுஸ்தாத்திலிருந்து உம்மா எழுதுவது. உன்மீது ஸலாம் உண்டாகட்டும், உன் உடம்பும் மருமகள் உடம்பும் சுகமாயிருக்க வேண்டும், கடல் உனக்கு அடங்கியிருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். இங்கே மழை இல்லை, குளிர் உண்டு, ஆறு இந்த வருஷம் சரியாக ஏறி இறங்கிவிட்டது. என் நூல் தரகு நடக்கிறது. உன் வாப்பாவைப் பற்றி ஹஜ் பயணிகள் யாராவது அங்கே வந்து ஏதாவது சொல்லியிருந்தால் அதை நம்பாதே, அவர்கள் பாதி கேட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர்கள். நடந்ததை நடந்த வரிசையில் நான் எழுதுகிறேன்.

பழைய அரசு நல்லதா, புதியது நல்லதா, சரக்கை நம்பி அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கலீபாவின் ஆட்சியில் கொடி, அங்கி எல்லாம் வெள்ளை, இப்போது வந்திருப்பவர்கள் பக்தாதுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால் எல்லாம் கறுப்பு, சாயக்காரர்களுக்கு நல்ல காலம். அப்போது நோன்பு என்றைக்கு முடியும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், இப்போது யாராவது பிறையைக் கண்டு வந்து சாட்சி சொல்ல வேண்டும், அதுவரை அடுப்பில் எதை ஏற்றுவது என்று தெரியாது. ஆஷூரா நாளில் அப்போது கடைகளை அடைத்து நபியின் பேரரை நினைத்து அழுவார்கள், கசப்பும் பருப்பும் தின்போம், அதே நாள் இப்போது பண்டிகை, பிள்ளைகளுக்குப் புதுத்துணி, வீட்டில் இனிப்பு. இந்த முறை நான் இரண்டையும் சமைத்து மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தெருவில் என்ன வாசனை வருகிறது என்று. அவர்கள் பெருநாளுக்கு அரண்மனைச் சமையற்கட்டைத் திறந்து ஊருக்கே பலகாரம் கொடுத்தார்கள், இவர்கள் சந்தைச் சுங்கத்தை எடுத்திருக்கிறார்கள், பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்திலிருந்த சிறையை இடித்துப் பாடசாலை கட்டியிருக்கிறார்கள். ஊரைக் கொளுத்தியது பழையவர்களுடைய அமைச்சர். நம் வீடு அதில்தான் போனது, உனக்குத் தெரியும். கலீபாக்களுக்கு முன்னே ஆண்ட தூலூன் வம்சத்தார் நம் ஊருக்கு வடக்கே கொஞ்சம் தள்ளி ஒரு நகரம் கட்டினார்கள், இப்போது அவர்கள் பள்ளிவாசல் மட்டும் நிற்கிறது. பிறகு மேற்கிலிருந்து கலீபாக்கள் வந்து இன்னும் வடக்கே காஹிராவைக் கட்டினார்கள். இவர்களும் எங்காவது ஒரு மேட்டைப் பார்த்துவைத்திருப்பார்கள். யார் வந்தாலும் நாம் ஆற்றோரத்தில்தான் இருக்கிறோம். நான் நூல் வாங்கப் போகும் வீடுகளில் பெண்கள் இதை வைத்துச் சண்டை போடுகிறார்கள். போன வாரம் ஒருத்தி, “உங்க கலீபா சீனியில கோட்டை கட்டிக் குடுத்தாரே, அதைத் தின்னே பல்லு போச்சு உனக்கு” என்றாள். மற்றவள், “உங்க ஆளுக்கு முன்னாடி பல்லைக் காட்டவே பயமா இருக்கு, இருந்து என்ன பண்ண” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கில் “நற்செயல்களில் சிறந்ததற்கு வாருங்கள்” என்ற வரியைப் புதியவர்கள் சென்ற வருஷம், கலீபா உயிரோடிருக்கும்போதே நீக்கிவிட்டார்கள். அதைச் சொல்வது கலீபாவின் வழியார் என்பதற்கு அடையாளம், சொல்லாதது நம் வழியார் என்பதற்கு. உன் வாப்பா ஒருநாளும் அந்த வழியில் இருந்தவரல்ல, நம் குடும்பத்தில் யாருமே இல்லை, ஆனாலும் பாங்கு சொல்லும் மோதினாராக இருந்த காலமெல்லாம் அதைச் சொன்னார், ஏனென்றால் அரசு அப்படி. நீக்கச் சொன்னதும் நீக்கினார், ஒரு வருஷம் தவறவில்லை. கலீபா மௌத்தாகி அவர் வம்ச ஆட்சி முடிந்த மறுமாதம் ஒரு விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு மினாரா ஏறியவர் அந்த வரியைச் சொல்லிவிட்டார், உரக்க, முன்னைப் போலவே இரண்டு முறை. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், கை நின்றுவிட்டது. இந்த ஊரில் யார் ஆட்சி என்று ஜனங்கள் பாங்கைக் கேட்டுத்தானே தெரிந்துகொள்கிறார்கள். அதனால் இரவோடிரவாக ஆட்சி திரும்பிவிட்டது என்று தெரு முழுவதும் நினைத்துவிட்டது. ஆளிநார் வியாபாரி அபூ ஹுபைஷ் கடைவாசலில் தொங்கிய கறுப்புத் துணியைச் சுருட்டி வைக்கோலுக்குள் திணித்துவிட்டு வெள்ளையைத் தேடினார். கோடிவீட்டு ரைஹான், அரண்மனையில் இனிப்புச் செய்துகொண்டிருந்தவர், உனக்கு எள்ளுருண்டை கொடுப்பாரே அவர்தான், வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, “அடுப்பு ஆறிப்போயிருக்கும், நான் போகணும்” என்று சொல்லிக்கொண்டே காஹிராவுக்கு நடந்துவிட்டார். உன் வாப்பா இறங்கி வருவதற்குள் போய்விட்டார். அரண்மனை வாசலில் நின்று தன் சமையற்கட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். காவலர்கள் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள், எந்தப் பாங்கைக் கேட்டு வந்தாய் என்று விசாரித்தார்கள், மத்தியானத்துக்குள் உன் வாப்பாவைக் கொண்டுபோக ஆள் வந்துவிட்டது. பழைய ஆட்களைக் கூட்டுவதற்கு அது குறிப்பு என்று முடிவானால் கழுமரம்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சந்தை அதிகாரியின் விசாரணையில் பெண்களை உள்ளே விடவில்லை. அபூ ஹுபைஷ் சாட்சி சொல்லப் போனார், அவர் வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். யாருக்குக் குறிப்புக் கொடுத்தாய் என்று கேட்டதற்கு உன் வாப்பா, “யாருக்கும் இல்லைங்க, வாய் தவறிப்போச்சு” என்றார். அபூ ஹுபைஷ் உதவுவதாக நினைத்துக்கொண்டு, “இவரு அந்தக் கூட்டமே இல்லைங்க. முப்பது வருஷமா அந்த வரியச் சொன்னாரு, ஒருநாளும் நம்புனதில்ல” என்றிருக்கிறார். அதிகாரி, “நம்பாமலே முப்பது வருஷமா சொன்னான்னா, இப்ப எங்களுக்குச் சொல்றதும் அப்படித்தானே” என்று கேட்டார். அதற்கு உன் வாப்பாதான், “நான் நம்புறது என்னோட இருக்கட்டும். மேல ஏறினா எந்த அரசோ அதுக்குள்ளதச் சொல்லுவேன். அன்னைக்கு எந்த அரசுன்னு மறந்துபோச்சு” என்றார். எழுத்தர் ஒருவர் சிரித்துவிட்டார், அதனால்தான் உன் வாப்பா பிழைத்தார் என்று அபூ ஹுபைஷ் சொல்கிறார். அதிகாரி சிரிக்கவில்லை. இங்கேயே பாங்கு சொல்லிக் காட்டு என்றார். உன் வாப்பா காதில் கைவைத்துச் சொன்னார், அந்த இடம் வந்ததும் நின்றார், ஒரு மூச்சு விட்டு, பிறகு தாண்டி அடுத்த வரிக்குப் போனார். அதிகாரி, “இவன் அந்த இடத்துல நிக்கிறான், பாத்தீங்களா? இந்த ஒரு வருஷமும் நின்னுருப்பான். ஜனங்க அந்தச் சும்மா நிக்கிறதத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க” என்றார். தண்டனை இல்லை, ஆனால் இனி எந்த மினாராவிலும் ஏறக்கூடாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ரைஹானை உயிரோடு அனுப்பவில்லை. உடலை நம் தெருவார்தான் வாங்கி வந்து குளிப்பாட்டினோம், உன் வாப்பா உடலை வைத்த சந்தூக்கின் முன்பக்கத்தைத் தூக்கினார். யாரும் அவரை எதுவும் சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன், தெரியவில்லை என்றார், பிறகு நான் கேட்கவில்லை.

இப்போது டமாஸ்கஸிலிருந்து வந்த ஒருவர் பாங்கு சொல்கிறார். நல்ல குரல், எங்கும் நிற்காமல் போகிறார். உன் வாப்பா அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், தண்ணீர் கொடுத்தால் குடிக்கிறார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார். உன் தங்கை நுஸ்ஹாவுக்குச் சென்ற வெள்ளிக்கிழமை பெண்குழந்தை பிறந்தது, இருவரும் நலம். காதில் பாங்கு சொல்வதற்குக் குழந்தையை அவரிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “என் வாய நம்பிப் புள்ளயக் குடுக்காதே” என்றார். மருமகன் ஊரில் இல்லை, தெருவிலிருந்து யாரையும் கூப்பிட எனக்கு மனமில்லை. நானே குழந்தையின் வலது காதில் வாயை வைத்துச் சொன்னேன். அந்த இடம் வந்தபோது எனக்கும் நின்றது. நான் எந்த மினாராவிலும் ஏறியவளில்லை, கேட்டது மட்டும்தான். மூச்சு விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். நிமிர்ந்து பார்த்தேன், உன் வாப்பா கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு வெளியே போய்விட்டார்.

சரக்கை அனுப்பு, சுங்கம் இல்லாத நேரம் இது. வழியில் எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் ஒரு பாங்கைக் கேள், அதன்பிறகு பேசு. எந்த அரசு நல்லது என்று இனி எழுதிக் கேட்காதே. இதை நம்பிக்கையான ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் தண்ணீரில் மை போகக் கழுவிவிடு. அல்லாஹ் உன்னையும் உன் வீட்டையும் காப்பானாக, உன் பிள்ளைகளை நான் காணும்வரை எனக்கு ஆயுளைத் தருவானாக. வாப்பா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்.

உன் உம்மா,
துர்ஃபா