சந்தனம் வைத்த பயனெட்

அண்ணா,

இரண்டு தடவை சீயக்காய் போட்டுக் கழுவியும் கையிலிருந்து அந்த வாசனை போகவில்லை. இரும்பில் பூசிய சந்தனம் காய்ந்து உதிரும்போது வருமே, அந்த வாசனை. இன்றைக்கு ஆயுத பூஜை. காலையில் அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கினேன். மதியம் ஒரு காரியம் செய்தேன். அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும்.

தாலி அறுத்து வந்த என்னை நீங்கள் இந்த வீட்டில் கொண்டுவந்து வைத்த வருஷம்தான் துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான அந்தப் பயனெட்டும் வந்தது. நீங்கள் இருந்த பட்டாளத்தில் கொடுத்தது இல்லை. ஆத்தூர்ச் சந்தையில் பழைய இரும்புக்காரன் கோணிமேல் கிடந்ததாம். ஒரு முழ நீளம். அதைப் பார்த்ததும், "சண்டையிலிருந்து உசுரோட வந்தது பத்தாதாங்கண்ணா? இந்தக் கருமம் எதுக்குங்க?" என்று கத்தினேன். "வேற எவன் கைக்காச்சும் போனா மறுபடியும் குத்தும் அம்மிணி. நம்மகிட்ட இருந்தா தேங்காய் உரிக்கும்" என்றீர்கள்.

சொன்னபடியே கிணற்றடியில் பிடியைக் கல்லுக்கு இடையில் புதைத்து, முனை மேலே பார்க்க நட்டுவிட்டீர்கள். மட்டையைக் குத்தி ஒரு திருகு திருகினால் நார் பிளந்து வரும். உரித்துக்கொண்டே கதை சொல்வீர்கள். பிரெஞ்சுக்காரன் சீமையில் பயோன் என்று ஓர் ஊராம். கத்திக்குப் பேர் போன ஊர் என்பதால் ஊர்ப் பேரே இதற்கும் ஒட்டிக்கொண்டதாம். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒரு தடவை சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் எதிராளி மேலே விழுந்துவிடுவானாம். அதனால் கத்திப் பிடியைக் குழாய் வாய்க்குள்ளேயே சொருகினார்களாம். சொருகினால் சுட முடியாது. அப்புறம்தான் வளையம் போட்டுப் பக்கத்தில் மாட்டினார்கள் என்றீர்கள். தமிழில் இதைத் துப்பாக்கிச் சனியன் என்று எழுதுவார்களாம் என்று நீங்கள் சிரித்தபோது, "அந்தப் பேரை ஊட்டுக்குள்ள சொல்லாதீங்க" என்று அதட்டினேன்.

ஒரு நாள்தான் அதன் வேலையைப் பற்றிப் பேசினீர்கள். "குத்தறது பெருசில்ல அம்மிணி. திருப்பி இழுக்கறதுதான். ஆளு மேல காலை வெச்சு இழுக்கச் சொல்லிக் குடுப்பாங்க." அப்புறம் உரித்த தேங்காயைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் காபித் தண்ணி கொண்டுவந்து வைத்தேன். குடிக்கவில்லை.

வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லித் தந்திக் கம்பி அறுத்த வருஷம் ஊரே பேயறைந்த மாதிரி இருந்தது. தினம் எவன் வீட்டிலாவது போலீஸ் புகுந்தது. அந்த ஆயுத பூஜைக்கும் நான்தான் பயனெட்டைக் கல்லிலிருந்து பிடுங்கிக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, கலப்பைக் கொழு பக்கத்தில் கிடத்தினேன். கற்பூரம் காட்டி முடிக்கவில்லை, தெருவில் தண்டோரா. வாள், துப்பாக்கி, பட்டாளத்துச் சாமான் எதுவானாலும் அன்று பொழுது சாய்வதற்குள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் ஜெயில்.

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டீர்கள். "ஒரே எட்டுல போய்க் குடுத்துட்டு வந்தர்றேன் அம்மிணி."

நான் குறுக்கே நின்றேன். "கும்பிட வெச்ச சாமானை இன்னைக்குத் தொடலாமுங்களா? சாமி கண்ணைக் குத்தும். விடிஞ்சு தீபம் காட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. ஒரு ராத்திரியில என்ன குடியா முழுகிப் போகுது?"

ஒரு நிமிஷம் வாசலைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "செரி சாமி, உன் இஷ்டம்" என்று துண்டைக் கொடியில் போட்டுவிட்டீர்கள். சண்டையைப் பார்த்த மனுஷனுக்கு வரப்போவது தெரிந்திருக்கும். புருஷனில்லாத தங்கச்சி, அவள் மனசு நோகக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டீர்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போலீஸ்காரர்கள் வந்தார்கள். பூஜையில் இருந்ததை ஒருவன் காலால் புரட்டினான். "இது கும்பிட வெச்சதுங்க, விடிஞ்சா கொண்டாந்து குடுக்க இருந்தோமுங்க" என்று நான் காலில் விழுந்து கதறினேன். அப்போதுதான் பார்த்தேன். அவர்கள் துப்பாக்கியில் மாட்டியிருந்த பயனெட்டிலும் சந்தனம். நடுவில் குங்குமம். அவர்களும் காலையில் ஸ்டேஷனில் பூஜை போட்டவர்கள்தான். விடியும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

உங்களை முன்னால் நடக்கவிட்டு முதுகுக்கு நேராகப் பயனெட்டை நீட்டினான் ஒரு போலீஸ்காரன். நீங்கள் திரும்பி, "முனையைத் தாழ்த்திப் புடிங்க தம்பி, இடறினா உங்க ஆளு மேலயே ஏறிரும்" என்றீர்கள். என்னிடம், "மத்த சாமானுக்கு விடிஞ்சதும் தீபம் காட்டிரு. வந்தர்றேன்" என்றீர்கள். ஐந்தாம் மாசம் ஜெயிலிலிருந்து பேதி என்று ஒரு சீட்டு வந்தது. உடம்பைக்கூடக் கொடுக்கவில்லை. கிணற்றடிக் கல்லில் பயனெட் இருந்த குழி அப்படியே கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும்.

இன்று மதியம் கன்றுக்குட்டி கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து இறுகி, கண் செருகிக் கிடந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. ஓடிப்போய்ப் பூஜையிலிருந்த அரிவாளை எடுத்தேன். சந்தனம் கையெல்லாம் அப்பியது. ஒரே இழுப்பில் கயிறு அறுந்தது. கன்று எழுந்து நின்று, தாயிடம் பால் குடிக்கப் போய்விட்டது. அரிவாளைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். அதன் எதிரே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை அண்ணா. விளக்குகூட அணையவில்லை. சாமி என் கண்ணைக் குத்தவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் அம்மிணி