உலகிலேயே அதிகம் விற்ற நால்வர்

மொனாக்கோ

அன்புள்ள அம்மாவுக்கு, ஒர்னெல்லா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

உலகிலேயே அதிக இசைத்தட்டுகள் விற்ற பாடகர்களுக்கு விருது கொடுக்கும் விழா இங்கே முடிந்தது. மேடைக்குப் பின்னால் கோப்பைகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. வருகிறேன் என்று சொன்னவர்களுக்குத்தான் கோப்பை. வந்தவருக்கு ஏற்றபடி பட்டத்தைத் தைத்துவிடுவார்கள்.

டால்டன் ரீவ் என்ற பாடகர் கண்ணாடி பார்த்தபடியே, "உலகத்துலயே அதிகம் வித்தவன்னு என்னைத்தானே சொல்லப்போறாங்க?" என்றார்.

"உங்களோட சேத்து நாலு பேரைச் சொல்லப்போறாங்க சார்" என்றேன்.

மேடையேற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். விழா மேலாளர் பஸ்கால் ஓடிவந்து கெஞ்சினார். 'எல்லாக் காலத்திலும்' என்று பட்டத்தில் சேர்த்த பிறகுதான் எழுந்தார். மேடையில் அழுதுகொண்டே, பணிவைக் கற்றுத்தந்தவள் தன் தாய் என்றார். அரங்கமே எழுந்து கைதட்டியது. நான் அடுத்த கோப்பையை எடுத்துத் துடைத்தேன்.

"கேட்டா சிரிச்சு வைக்க வேண்டியதுதானேம்மா?" என்றார் பஸ்கால், விழா முடிந்ததும்.

"பொய் சொல்ல வேற ஆள் வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

அதோடு அந்த வேலை போயிற்று. இப்போது ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் இருக்கிறேன். கவலைப்படாதீர்கள், துணிகள் பேசுவதில்லை. நம் ஊர் கலாப்ரியாவிலிருந்து இங்கே வரும் லாரிக்காரரிடம் உங்கள் மிளகாய்த் தொத்திறைச்சி கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அண்ணனும் சாப்பிடும்போது என்னைக் கூப்பிட்டு, தொலைபேசியை மேசைமேல் வைத்துவிடுங்கள். பேச வேண்டாம். தட்டுச் சத்தம் கேட்டால் போதும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்
ஒர்னெல்லா