புற்றருகே போட்ட கூடாரம்

ஷின்யாலு
மார்ச் 28, 1986

மினாயோவின் அம்மாவுக்கு,

கோபம் தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். தணியாவிட்டாலும் படித்துவிடு. நீ போனதிலிருந்து நானே கிண்டிய சோளக்களியைத்தான் தின்கிறேன். மிச்சத்தைப் போட்டால் கோழிகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. மினாயோ என்னைக் கேட்கிறாளா?

இங்கே ஒரு நல்ல சேதி. பல்கலைக்கழகத்திலிருந்து ஒயூகி ஐயா வந்து நம் காப்புக்காட்டில் காளான் கணக்கெடுக்கிறார். ஆட்களுக்கு என்னைத் தலைவனாகப் போட்டிருக்கிறார். கயிறு கட்டி, முளைத்ததை அளந்து, படம் பிடித்து, பெயர் கேட்டு எழுதுவது வேலை. இதுவரை கிடைத்தவை பட்ட மரத்தில் காது மாதிரித் தொங்குவதும், தொட்டால் வழுக்குவதும்தான். அவருக்கு வேண்டியது கறையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளான். மழை பிடித்தும் ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை. "உங்க சந்தையில கூடை கூடையா விக்குது. காட்டுல மட்டும் எப்படி இல்லாமப் போகும்?" என்று ஆட்கள் முன்னால் கேட்டார். பெண்கள் புற்று இருக்கும் இடத்தை மகளுக்குத்தான் காட்டுவார்கள், ஆண்களிடம் வாயே திறக்கமாட்டார்கள் என்று சொன்னேன். சிரிக்கிறார்.

உன் அம்மா உனக்குக் காட்டியிருக்கிறார் அல்லவா? இந்த மழையில் நான் கண்டுபிடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரமாகும் என்கிறார். அப்புறம் நீ கேட்ட தகரக் கூரைதான், நாம் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான். எனக்காக இல்லாவிட்டாலும் குழந்தைக்காகச் சொல்.

உன்னை நினைத்தே இளைத்துப்போன
ஜோத்தாம்


கிசுமு
ஏப்ரல் 4, 1986

மினாயோவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் இளைத்த கதையை அக்காளுக்கும் படித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை.

நான் சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. உங்கள் தம்பிகள் முன்னால் என் அம்மாவைக் காட்டுத் திருடி என்றீர்கள். நான் துணியை மடித்துக்கொண்டு வந்தேன். அதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இருக்கும் என்று தேடினேன். காளான்தான் இருந்தது. ஆனால் மினாயோ தினமும் "அப்பாவுக்கு யாரு டீ போட்டுக் குடுப்பா?" என்று கேட்கிறாள்.

அதனால் சொல்கிறேன். ஓடைக்கு அப்பால் பெரிய முத்தேரே மரம் ஒன்று விழுந்து கிடக்கிறது. அதன் வேர்ப்பக்கம் மூன்று புற்றுகள் இருக்கின்றன. அம்மா வெளிச்சம் வரும் நேரத்தில் அங்கே போவார். பறித்ததைச் சந்தையில் விற்றுத்தான் அறுவடை வரைக்கும் அவருக்குச் சோளம். அண்ணன் மொம்பாசா போனவன் போனவன்தான்.

மாப்பிள்ளையும் மாமியாரும் முகம் பார்க்கக்கூடாது என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். நீங்கள் அங்கே நின்றால் அவர் புதருக்குள் இறங்கிவிடுவார். நீங்கள் போகும் வரை வெளியே வரமாட்டார். நம் கல்யாணத்தன்றே வாழைத்தோப்பில் ஒளிந்து நின்று, ஒரு வாய் சாப்பிடாமல் வீடு திரும்பியவர். அதனால் வெயில் ஏறின பிறகு போங்கள். உங்கள் அளவெடுப்புக்குக் கொஞ்சம் விட்டுவைக்கும்படி அவருக்குச் சொல்லி அனுப்ப ஒரு வழி பார்க்கிறேன். உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறேன்.

கபெட்சா


ஷின்யாலு, காட்டு முகாம்
ஏப்ரல் 14, 1986

என் தங்கமான கபெட்சாவுக்கு,

நீ தெய்வம். சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தது! ஒரு குடை என் தொப்பி அகலம். ஒயூகி ஐயா மண்டியிட்டுப் பார்த்தார், எழுந்து என் முதுகில் தட்டினார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். மூக்குதான் என்றேன்.

ஒரே ஒரு சங்கடம். மொட்டு விடுவதிலிருந்து குடை விரிந்து அழுகி விழும் வரை நாள்தோறும் அளக்க வேண்டுமாம். நடுவில் யாராவது பறித்துவிட்டால் கணக்கு போச்சு. அதனால் புற்றருகேயே கூடாரத்தைப் போட்டுவிட்டேன். உன் அம்மாவை யாரும் விரட்டவில்லை, சத்தியம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கூடார வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன், அவ்வளவுதான். புதர் அசையும். கொஞ்ச நேரத்தில் தும்மல் கேட்கும். ஷிமுலி இருக்கிறானே, நம்மிடம் கயிறு பிடிக்கிறவன், அவன் நேற்று "அண்ணே, உங்க மாமியார் மழையில நனையுறாங்க. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போங்களேன்" என்றான். "நான் எங்கடா அவங்களைப் பாத்தேன்? பாக்கவே கூடாதே" என்றேன். ஆட்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நீயும் சிரிப்பாய் என்றுதான் எழுதினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. எப்போது வருகிறாய்?

உன்
ஜோத்தாம்


கிசுமு
ஏப்ரல் 19, 1986

மினாயோவின் அப்பாவுக்கு,

நான் சிரிக்கவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மீன் வாங்க வந்த ஒருத்தியிடம் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். விடிவதற்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறீர்களாம். அவர் எதிரிலேயே காளான் மொட்டு விடுகிறதாம், விரிகிறதாம், புழு வைத்து விழுகிறதாம். பதினைந்து அடி தள்ளி நின்று பார்த்துவிட்டு வெறும் கூடையோடு திரும்புகிறாராம். இப்போது நெஞ்சில் சளி வேறு. புற்று இருக்கும் இடத்தை யாரிடமாவது சொன்னேனா என்றும் கேட்டு அனுப்பியிருக்கிறார். நான் பதில் அனுப்பவில்லை. எந்த முகத்தோடு அனுப்புவேன்?

அவரை அடித்திருந்தால்கூட ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள். அவருடைய வெட்கத்தையே வேலியாகப் போட்டுவிட்டீர்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒரு புற்றை உங்கள் ஐயாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டை விட்டுவிடுங்கள். விடிந்ததும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு பக்கம் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். அதற்குள் அவர் பறித்துக்கொண்டு போய்விடுவார். அதை மட்டும் செய்யுங்கள், மே மாதம் பிறந்ததும் குழந்தையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். செய்யாவிட்டால் வரமாட்டேன்.

கபெட்சா


ஷின்யாலு, காட்டு முகாம்
ஏப்ரல் 27, 1986

அன்புள்ள கபெட்சாவுக்கு,

முதலில் சந்தோஷமான சேதி. வேலை நிரந்தரம்! கையெழுத்தாகிவிட்டது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன், புது மெத்தை ஒன்று வாங்கிப் போட்டேன்.

இன்னொன்று. உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பதறாதே, உயிருக்குப் பயமில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் புதருக்குள் விரியன் கடித்திருக்கிறது, முழங்காலுக்குக் கீழே. அவர் கத்தியிருந்தால் கதையே வேறு. கத்தவில்லை. ஒரு முனகல் மாதிரிதான் வந்தது. ஷிமுலி எழுந்தான். "உக்காருடா, பொம்பளை ஒதுங்குற இடத்துல எட்டிப் பாப்பியா?" என்று நான்தான் அதட்டினேன். மறுபடியும் முனகல் வந்தது. அப்போதுதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. நீ எழுதினபடியே ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பக்கம் ஒரு சுற்று நடக்கப் போனேன். மரியாதைக்காகத்தான் விலகிப் போனேன், நீயே சொல், இதில் என் தப்பு என்ன? மத்தியானம் விறகுக்கு வந்தவர்கள் அவரைத் தூக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள்.

மாமியார் காலை மாப்பிள்ளை தொட்டுக் கட்ட முடியுமா? ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. முறை தெரிந்த பையன் என்று என் பெரியப்பாவே சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவரை அவர் குடிசையிலேயே யாராவது பார்த்துக்கொள்வார்கள். நீ கேட்டதை நான் செய்துவிட்டேன், நீயும் உன் வார்த்தையைக் காப்பாற்று. சாவி பெரியப்பா வீட்டில் இருக்கிறது. எனக்கு இன்னும் இரண்டு வாரம் கூடாரத்தில் வேலை. முடிந்ததும் வீட்டுக்கு வருகிறேன். சுடச்சுடக் களி கிண்டி வை.

ஆசையோடு
ஜோத்தாம்


உங்கள் வீடு
மே 9, 1986

மினாயோவின் அப்பாவுக்கு,

வாக்குக் கொடுத்தபடி வந்துவிட்டேன். சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கிறது. மெத்தையும் நன்றாக இருக்கிறது. அம்மா அதில் படுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கைவண்டியில் கொண்டுவந்தோம். ஷிமுலிதான் தள்ளினான். அவன் அன்றைக்கு நடந்ததை என்னிடம் சொன்னான். முனகல் இல்லையாம். "யாராவது வாங்களேன், ஜோத்தாம் மட்டும் வேணாம்" என்று இரண்டு தடவை கேட்டதாம். நீங்கள் அதை எழுத மறந்துவிட்டீர்கள்.

உங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் இது யார் வீடு என்று அம்மாவுக்குப் புரிந்தது. வாசல் நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை படுக்கிற எடத்துலயா? என்னைக் கொன்னு போட்டுட்டு உள்ள தூக்கிட்டுப் போடி" என்றார். காலை வெட்டியபோதுகூட அழாதவர், அங்கே அழுதார். நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கடைசி விரலைப் பிரிக்கும்போது என் கையைக் கடித்தார். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். இதை நான் அவருக்குச் செய்திருக்கக் கூடாது என்று தெரியும். வேறு எதுவும் உங்களைத் தடுக்காது என்பதும் தெரியும்.

பெரியப்பா காலையில் வந்து குதித்தார். மாமியார் படுத்த கட்டிலில் மாப்பிள்ளை இனி உட்காரவும் முடியாது, அவர் இருக்கும் கூரைக்குள் நுழையவும் முடியாது, குடும்பத்துக்கே அவமானம், உடனே அப்புறப்படுத்து என்றார். "சரி, மாப்பிள்ளையே வந்து தூக்கிட்டுப் போகட்டும்" என்றேன். தொட முடியாதே என்றார். "அப்போ இருக்கட்டும்" என்றேன். தடியைக்கூட மறந்துவிட்டுப் போனார். அது அம்மாவுக்கு உதவும்.

முற்றத்துப் பக்கமும் வராதீர்கள். உங்கள் குரல் கேட்டால் அவர் ஒளிய வேண்டும், ஒற்றைக் காலோடு எங்கே ஓடி ஒளிவார்? நீங்கள் முறை தெரிந்தவர். ஊரே சொல்கிறது. நாளைக்கே முறையை மீறி உள்ளே வந்தால், அன்றைக்கு அந்தப் புதருக்குள் ஏன் வரவில்லை என்று அதே ஊர் கேட்கும்.

உங்கள் சட்டைகளையும் சவரக் கத்தியையும் ஷிமுலியிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஒரு போர்வையும் வைத்திருக்கிறேன், கூடாரத்தில் குளிரும்.

அப்பா எப்போது வீட்டுக்கு வருவார் என்று மினாயோ கேட்கிறாள். பாட்டி இருக்கும் வரை வரமாட்டார் என்று சொல்லியிருக்கிறேன். பாட்டிக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. இருதயம் நல்ல பலமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

கபெட்சா