அரைப் பேரும் ஒடிந்த விரலும்

அக்கா,

இன்று காலை லேப்டாப் திரையை உடைத்துவிட்டேன். ஜன்னல் வழியாக ஒரு குளவி வந்து, எழுதிக்கொண்டிருந்த மெயிலின் மேல் உட்கார்ந்தது. செருப்பைக் கழற்றி அடித்தேன். முதல் அடியிலேயே செத்துவிட்டது. கை நிற்கவில்லை. ஏழெட்டு அடிக்குப் பிறகுதான் திரை குறுக்கே விரிசல் விட்டிருப்பது தெரிந்தது.

மெயில் இதுதான். புதுக் கம்பனி ஒன்று என்னைக் கேட்கிறது. இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு. ஆனால் முதல் மூன்று மாதம் பாதிச் சம்பளமாம். சரி என்று எழுதப் போனேன். உன்னிடம் அடி வாங்கியும் புத்தி வராதவன்.

ஊரில் இப்போது உன்னை நல்லவள் என்கிறார்கள். செத்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். நீ அடிக்கிறவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குச் சோறு போட்டது உன் கை. கரண்டி, விளக்குமாறு, கையில் அகப்பட்டதையெல்லாம் என் மேல் வீசியதும் அதுதான்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கொழுந்தில் இருக்கும் தண்ணிக்கு என்று சொல்லிக் கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ கழித்து உனக்கு அரைப் பேர் போட்டார். நாள் முழுக்க மலையில் நின்றதற்குப் பாதி நாள் கூலி. மறுபடி நிறுக்கச் சொன்னாய். அவர் பக்கத்தில் நின்ற ஆபீஸ் ஐயாவிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். தராசைக் கொக்கியோடு பிடுங்கி அவர் முகத்தில் அடித்தாய். மூக்கு ரத்தம் கொழுந்தில் சொட்டியது.

"இதையும் சேத்து நிறுங்க" என்றாய்.

இரண்டு வாரம் வேலை தரவில்லை. வெறுந்தேத்தண்ணியில் கிடந்தோம்.

பிறகு நான் பதுளையில் மின்சார வேலை படித்து நம் தோட்டத்து ஃபெக்டரியிலேயே சேர்ந்தேன். மூன்று வருடம் மோட்டார்களைக் கழற்றி மாட்டினேன். லீவு நாட்களில் போனைப் பார்த்தே வெப்சைட் செய்யப் பழகினேன். கொழும்புக் கம்பனி ஒன்று கூப்பிட்டு எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய் என்று கேட்டது. நான் ஃபெக்டரி நாள் கூலியைச் சொன்னேன். மாதக் கணக்கில் கேட்கிறார்கள் என்பதுகூட உறைக்கவில்லை. அவர்களே அதை மாதத்துக்குப் பெருக்கிக்கொண்டு, முதல் மூன்று மாதம் அதிலும் பாதிதான் என்றார்கள். "சரிங்க சேர்" என்றேன். அடுப்படியில் நீ கேட்டுக்கொண்டிருந்தாய்.

போனை வைத்ததும் விறகுக் கட்டை வந்தது. கையால் தடுத்தேன். வலது சுண்டுவிரல் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"அரைப் பேருக்குத் தலையாட்டவாடா படிச்ச, நாயே?"

உன்னைப் பிடித்துத் தள்ளினேன். சுவரில் மோதி நெற்றி கிழிந்தது. உன் மேல் நான் கை வைத்தது அந்த ஒரு தடவைதான். ரத்தத்தோடு இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் நீயே பழைய சேலையைக் கிழித்து என் விரலைக் கட்டினாய்.

"எனக்கு அவனுங்ககிட்ட பேசத் தெரியாதுடா. அதான் அடிச்சேன். ஒனக்குத் தெரியும்ல? பேசு."

மறுநாள் பேசினேன். பாதி முக்காலாயிற்று. அவ்வளவுதான் முடிந்தது. நீ காறித் துப்பினாய்.

அதற்குப் பிறகு இரண்டு கம்பனி மாறினேன். செய்த வேலையைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். கேட்டால்தான் ஏறுகிறது, யாரும் இரக்கப்பட்டு ஏற்றுவதில்லை. உன் ஒரு மாதக் கூலியை இரண்டு நாளில் எடுத்தேன். வேலையை விடு, பதுளையில் வீடு பார்க்கிறேன் என்றேன். தோட்டத்தில் பேர் விழாவிட்டால் லயத்து வீட்டிலிருந்து இறக்கிவிடுவார்கள், உன் வேலை நாளைக்குப் போனால் ரெண்டு பேரும் ரோட்டுக்கா போறது என்று கேட்டாய். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

நீங்கள் கொழுந்து பறிக்கும் மலையில், மரத்தில் குளவிக்கூடு இருந்தது எல்லோருக்கும் தெரியும். சொல்லியும் யாரும் எடுக்கவில்லை. கூடு கலைந்ததும் எல்லோரும் ஓடினார்கள். ரோடு வரைக்கும் வந்துவிட்ட நீ திரும்பி ஓடினாயாம். பை மலையிலேயே கிடக்கு, முழுப் பேருக்கு ரெண்டு கிலோதான் குறை என்று கத்திக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் உன் முகம் வீங்கிக் கறுத்து, யார் என்றே தெரியவில்லை. நெற்றித் தழும்பைப் பார்த்துத்தான் நீ என்று சொன்னேன். நான் போட்ட தழும்பு. எழுப்பி இன்னொரு அடி போட வேண்டும் போல இருந்தது. ஒரு பைக் கொழுந்துக்கா போனாய்?

மெயிலை அழித்துவிட்டுப் போன் எடுத்தேன். முதல் நாளிலிருந்தே முழு வேலைதான் செய்வேன், முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம் வேண்டும், இல்லாவிட்டால் வரவில்லை என்றேன். கடைசிவரை சொல்லி முடித்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் பதில் இல்லை. வராமலும் போகலாம்.

விரல் கோணலாகத்தான் கூடியிருக்கிறது, அக்கா. என்டர் பட்டனைத் தட்டுகிற விரல் அது, ஒவ்வொரு வரி முடிவிலும் வலிக்கிறது. நிமிர்த்திவிடலாம், ஆனால் மறுபடி ஒடித்துத்தான் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். வேண்டாம் என்றுவிட்டேன். நீ ஒடித்தது அப்படியே இருக்கட்டும்.