தண்ணி வந்துருச்சு

திங்கள். காலையில் தூறல்.

மன்னித்துவிடு அம்மா. உன் கருமக்கிரியை முடிவதற்குள் பேனாவை எடுத்துவிட்டேன். எழுதாவிட்டால் மறந்துவிடுவேனோ என்று பயம். புயலடித்த அன்று மத்தியானம் என்ன சமைத்தாய்? நேற்று முழுக்க யோசித்தும் வரவில்லை.

நானும் அப்பாவும் இப்போது இருப்பது அத்தை ஃபிளாட்டில், பத்தாவது மாடி. அப்பா பால்கனியில் நாற்காலி போட்டுக் கீழேயே பார்க்கிறார்.

என் பட்டச் சான்றிதழ் காற்றாடிக்கு முன்னால் காய்கிறது. உங்கள் கல்யாண ஆல்பம் ஐஸ்பெட்டியில். நனைந்த படங்களை உறையவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாதாம்.

“படிச்ச புள்ள செய்ற வேலையா இது? எங்கண்ணியக் கொண்டுபோய் நெத்திலிக்குப் பக்கத்துல வெச்சிருக்கா” என்றார் அத்தை. சொல்லிவிட்டு அவரே அழுதார்.

செவ்வாய். வெயில். ஊரெல்லாம் சேற்று நாற்றம்.

கோயில் மண்டபத்தில் அரிசி வாங்கப் போனோம். மாலா அக்கா என்று ஒருவர், புயலில் பிழைத்தவர்கள் சொல்வதை போனில் பதிவு செய்து சேர்க்கிறார். “நாளைக்குப் பொடிசுங்க கேக்கணும்லா. பேசும்மா.” நான் அரிசிப் பையோடு அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யுனிவர்சிட்டியிலும் இப்படித்தான், நாலு பேர் பார்த்தால் காய்ச்சல் வரும்.

அப்பா பேசினார். “நான் பாலம் தாண்டி ஜுருல ராத்திரி ஜாகா, காவல் வேல. பாலத்த அடச்சிட்டாங்க, தீவுக்கு வர வழியில்ல. வீட்லேர்ந்து ஒரு போன்கூட வரல. வந்திருந்தா பறந்து வந்திருப்பேன்லா.”

நீ போன் செய்தாய், அம்மா. நான் உன் பக்கத்தில்தான் நின்றேன்.

எழுதிவிடுகிறேன். அன்று காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. சாயங்காலம் காற்று. கூரைத் தகரம் கிழிகிற சத்தம். ஆறு கரையேறி, கறுப்புத் தண்ணீர் அடுப்படிக்குள் வந்ததும் நீ அப்பாவைக் கூப்பிட்டாய், ஸ்பீக்கரில்.

“என்னங்க, தண்ணி வந்துருச்சு!”

“வந்துருச்சா? நல்லதாப் போச்சு. எல்லாப் பாத்திரத்துலயும் புடிச்சு வை.”

அவ்வளவுதான். லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அழுத்தினாய். பாலத்தை அடைத்தது அதற்கப்புறம்தான்.

பக்கத்து வீட்டு மாடிக்கு என்னை முதலில் ஏற்றிவிட்டாய். மதில் சரிந்தபோது நீ கீழே.

அந்தப் பேச்சை நானும் கேட்டது அப்பாவுக்குத் தெரியாது.

வியாழன். மேகமூட்டம்.

அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டிலேயே கை கழுவினார். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறார். “அண்ணே, தண்ணி வீணாப் போவுது!” என்று அத்தை கதவைத் தட்ட, உள்ளே குழாய்ச் சத்தம் மட்டும். ரொம்ப நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். சட்டையெல்லாம் ஈரம்.

அத்தை பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சொன்னால் அப்பா தாங்கமாட்டார். சொல்லாவிட்டால், அந்தப் பதிவில் நீ யாரையும் கூப்பிடாமலே செத்தவள். எதை எடுப்பது? தலை வலிக்கிறது. பனடோல் தீர்ந்துவிட்டது.

சனி. விடாத மழை.

மாலா அக்கா வீட்டுக்கே வந்தார். அத்தை மைலோ கலக்கப் போனார். அக்கா போனை என் பக்கம் நீட்டி, “ஒரு வார்த்த போதும்மா” என்றார். அப்பா பக்கத்தில். பேச நினைக்கவேயில்லை, வாய் திறந்துகொண்டது.

“அம்மா போன் பண்ணாங்க.”

மாலா அக்கா அப்பா முகத்தைப் பார்த்துப் பதிவை நிறுத்தினார். மைலோ குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

“நீ கேட்டியா?” என்றார் அப்பா.

“ஸ்பீக்கர்ல இருந்துச்சுப்பா.”

“எனக்குக் குழாத் தண்ணின்னுதாம்மா…” சுவரைப் பார்த்தபடி, “என்னத் திட்டினாளா?”

“இல்லப்பா. சிரிச்சாங்க. ‘கேட்டியாடி, உங்கப்பா வெள்ளத்தப் புடிச்சு வெக்கச் சொல்றாரு. அவ்ளோ பெரிய வாளிக்கு நான் எங்க போவேன்’னு சிரிச்சாங்க.”

“பொய் சொல்லாதம்மா.”

“சத்தியமாப்பா.”

“எனக்காகச் சொல்ற. தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு, யாரு சிரிப்பா?”

நீ சிரித்தாய். முட்டிவரை தண்ணீரில், போனை மார்போடு பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். அதைப் பார்த்து எனக்கும் பயம் கொஞ்சம் விட்டது. எப்படிச் சொன்னாலும் ஆறுதலுக்குச் சொல்வது மாதிரியே இருக்கிறது. அவர் தலையிலடித்துச் சத்தியம் செய்தேன். என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு எந்தப் போனிலும் இல்லை.

இப்போது பூட்டிய பால்கனிக் கதவின் பிடியைப் பிடித்தபடி நிற்கிறார்.

அம்மா, செத்தவர்களிடம் கேட்கக் கூடாதோ என்னவோ, இத்தனை நாளும் உன்னிடம் எதுவும் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை வா. அவர் எதிரில் நின்று சிரித்துக் காட்டு.