சும்மா அழச் சொன்னார்கள்

என் செல்லப் பொடியா,

வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்த பிறகும் நீ எனக்குப் பொடியன்தான். தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்குமே அப்படித்தான். கல்லறைச் சிலுவையில் பிரான்சிஸ் என்று உன் ஞானஸ்நானப் பேரை எழுதினதைப் பார்த்துவிட்டு, பக்கத்து லயத்துப் பிள்ளைகள் "இது யாரு?" என்று கேட்டார்களாம்.

இந்தக் கடிதத்தை நம்ம கோயிலில் போடுகிற பங்கு மலர் புத்தகத்துக்குக் கொடுக்கப் போகிறேன். போடுவார்களா, மடித்து வைத்துவிடுவார்களா, தெரியாது. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். சொன்னதைத் திருத்த வேண்டாம்.

நீ இல்லாத முதல் தவக்காலம் இது. மலையாளக்காரர்களுக்குத் திங்கட்கிழமையே நோன்பு பிறந்துவிட்டது, நமக்குப் புதன். வரிசையில் போய் நின்றேன். மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லி சாமி என் நெற்றியில் சாம்பல் பூசினார். எனக்கு வந்ததே கோபம். இதை எனக்கா சொல்ல வேண்டும்? உன் குழியில் முதல் கைப்பிடி மண்ணைப் போட்டவள் நான்தானே?

நடந்தது உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். போன வருசம் மழைக்கு முந்தி, ஏலத்தோட்டத்தில் நிழல் மரத்துக் கொம்பு வெட்ட ஏறினாய். விழுந்தாய். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. இடுப்பில் கட்டக் கயிறு கொடுத்தோம், அவன்தான் கட்டாமல் ஏறினான் என்று சூப்பர்வைசர் லாரன்ஸ் சொன்னார். அந்த லாரன்ஸ்தான் நம்ம கோயில் கமிட்டிக்கும் செயலாளர்.

உன் முப்பதாம் நாள் பூசையில் நான் எழுந்து நின்றேன்.

"லாரன்ஸு, எம்புள்ள கையில கயிறு குடுத்தீங்களா, இல்லையா? இந்தப் பீடத்துக்கு முன்னால சொல்லுங்க."

"அக்கா, கோயில்ல வச்சுச் சத்தம் போடாதீங்க. பூச முடியட்டும், பேசுவோம்."

பூசை முடிந்தது. டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். யாரும் பேசவில்லை.

அன்றைக்கு மரத்தடியில் நின்றது உன் கூட்டாளி கணேசன்தானே, அவனைத் தேடிப் போய்க் கேட்டேன். "எனக்கு வேல வேணும் பெரியம்மா" என்றான். நான் கேட்டது என்ன, அவன் சொன்னது என்ன, பார்த்தாயா?

சரி, தவக்காலத்துக்கு வருகிறேன். லயத்துச் சனம் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஆளாளுக்கு இந்த வருசம் எதை விட்டோம் என்று சொன்னார்கள். நம்ம ரோசிலி அக்கா சீரியலை விட்டுவிட்டார்களாம். ஆனால் விடிந்ததும் ஏலக்காய் எடுக்கிற இடத்தில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு, "ஏட்டி, நேத்து அந்த மாமியாக்காரி மாட்டிக்கிட்டாளா?" என்று கேட்கிறார்கள். நானே டிவி போட்டு மாசக்கணக்காகிறது. கேட்கிறவர்களுக்கு அது ஞாபகம் இருந்தால்தானே?

மூன்றாம் வெள்ளி சிலுவைப்பாதை முடிந்து வந்து கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். லாரன்ஸும் ரோசிலி அக்காவும் வாசலில் வந்து நின்றார்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன், பொடியா. கயிற்றைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"பெரிய வெள்ளிக்கு இந்த வருசமும் வேசம் கட்டித்தான் சிலுவைப்பாதை போடுறோம்க்கா. மாதாவா நீங்க வரணும்."

போன வருசம் நீ பட்டாளத்தான் வேசம் கட்டினாயே. சணல் சாட்டையைச் சாயத்தில் முக்கி நீ வீசின வீச்சில், சேசுவாக வந்த லாரன்ஸ் மகன், "டேய் பொடியா, மெதுவா அடிடா, நெசமாவே வலிக்குது" என்று முனகினது மைக்கில் கேட்டு, ஜனமே பக்தியை மறந்து சிரித்தது. அதை நினைத்து ஒரு நிமிசம் நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் சொன்னேன்:

"எனக்கு வசனமெல்லாம் வராது தம்பி."

"வசனமே கெடையாதுக்கா. அழுதாப் போதும்."

ரோசிலி அக்கா எடுத்துக் கொடுத்தார்கள். "போன வருசம் ஸ்டெல்லா மாதாவா நின்னாள்ல, கண்ணுல தைலம் தேச்சும் ஒரு சொட்டு வரல. ஒனக்குன்னா தானா வரும்ட்டி."

தானா வருமாம்.

உன்னைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று நான் அழுதது இவர்களுக்குக் கேட்கவில்லையா? முப்பதாம் நாள் நான் அழுதது சத்தம். பெரிய வெள்ளியில் நீலச் சேலை கட்டிக்கொண்டு அழுதால் அது பக்தியா? என் கண்ணீர் இவர்களுக்கு வேண்டுமாம். அந்தக் கண்ணீர் கேட்கிற கேள்வி வேண்டாமாம்.

நான் கத்தவில்லை. "வர்றேன் தம்பி. ஆனா அழுறப்ப வாயில என்ன வரும்னு எனக்குத் தெரியாது. நாங்க சொல்லித்தான் அழுவோம்" என்றேன்.

லாரன்சுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறிவிட்டது. "சொல்லி அழவெல்லாம் வேண்டாம்க்கா. சும்மா அழுதாப் போதும்."

"சும்மா அழ எனக்குத் தெரியாது தம்பி. எங்க அம்மா சொல்லிக் குடுக்கல."

உனக்குத் தெரியும் ராசா, நம்ம சனத்தில் ஒரு சாவு விழுந்தால் பொம்பளைகள் வாயை மூடிக்கொண்டா அழுவோம்? யார் சோறு போட்டார்கள், யார் போடவில்லை, யார் ஏமாற்றினார்கள், எல்லாமே அந்த அழுகையில் வந்துவிடும். உங்க அப்பா போனபோது, சித்தப்பா பண்ணின அநியாயத்தை எல்லாம் நான் அழுது சொல்லித்தானே ஊருக்குத் தெரிந்தது? வார்த்தையை எடுத்துவிட்டு அழு என்றால், அது வெங்காயம் உரிக்கிற அழுகை. அதற்கு நான் எதற்கு?

மறு ஞாயிறு சாமி கூப்பிட்டுவிட்டார். சின்ன வயசு, நல்லவர்தான். "உங்க துன்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கம்மா. மாதாவும் சிலுவையடியில பேசாமத்தானே நின்னாங்க" என்றார்.

"பேசாமத்தான் நின்னாங்கன்னு, பக்கத்துல இருந்து கேட்டது யாரு சாமி?" என்றேன்.

சாமிக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கெட்டவள் என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும். துன்பத்தை ஒப்புக்கொடுக்கிறேன் பொடியா, தினமும் கொடுக்கிறேன். நியாயத்தையும் சேர்த்து ஒப்புக்கொடு என்று எந்த வேதத்தில் இருக்கிறது?

ரோசிலி அக்கா இப்போது என்னோடு பேசுவதில்லை. தவக்காலத்தில் கோபம் வைத்திருக்கிறவள் நற்கருணை வாங்கலாமா என்று குழாயடியில் என் காதுபடக் கேட்டார்கள். பொய் வைத்திருக்கிறவர் வாசகம் வாசிக்கலாமா என்று நான் திருப்பிக் கேட்டேன். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறது லாரன்ஸ்தானே. குழாயடியில் அன்றைக்கு யாரும் குடம் நிரம்பினதைப் பார்க்கவில்லை.

மாதா வேசம் மறுபடி ஸ்டெல்லாவுக்கே போயிருக்கிறது. பாவம், வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, நான் நிக்கட்டுமா? ஒங்களுக்கு ஒன்னும் இல்லையே?" நில்லும்மா, தைலத்தைக் கொஞ்சமாத் தேய், கண் கெட்டுப்போகும் என்று சொல்லி அனுப்பினேன். மொத்தப் பங்கிலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டவள் அந்தப் பிள்ளை மட்டும்தான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இரவெல்லாம் எனக்கு ஒரு பயம் வருகிறது. நீயும் லேசுப்பட்டவன் இல்லையே. பைக்கில் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறவன்தானே? ஒருவேளை லாரன்ஸ் சொல்வது நிசமாக இருந்தால், அவர் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்பேன். அந்த வைராக்கியம் எனக்கு உண்டு. ஆனால் அந்தக் கயிற்றைக் கண்ணில் காட்டுங்கள் என்றால் ஏன் யாருமே காட்ட மாட்டேன் என்கிறார்கள்? கொடுத்த கயிறு என்றால் எங்கேயாவது கிடக்குமே?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் ராசா. பெரிய வெள்ளிக்குப் போவேன். வேசம் இல்லை, மைக் இல்லை, தோட்டத்து வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற இதே சேலைதான். சிலுவைப்பாதையில் மகனைத் தாய் சந்திக்கிற நாலாம் ஸ்தலம், தோட்டத்து ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் வருகிறது. அங்கே ஜனத்தோடு ஜனமாக மண்டியிட்டு, உன் பேரைச் சொல்லி, கயிற்றைச் சொல்லி, நம்ம வழக்கப்படி அழுவேன். வெளியே போகச் சொன்னால் ரோட்டில் உட்கார்ந்து அழுவேன். அடுத்த வருசமும் அழுவேன்.

அதற்கு முன்னால் எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும், பொடியா. மரத்தில் ஏறும்போது உன் கையில் கயிறு இருந்ததா, இல்லையா?

கேட்டுக்கொண்டே இருக்கிற
உன் அம்மா