துறவுக்கு ஒரு சம்மதம்

ஒரத்தநாடு,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள அத்தானுக்கு,

பிரகதீஸ்வரி எழுதுவது. கயாவிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. மடத்தில் உங்கள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பதால் நானும் பேனாவைத் தேட வேண்டியதாகிவிட்டது. உடம்பு எப்படி இருக்கிறது? அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படித்தான் சப்பணம் போட்டு உட்காருகிறீர்களோ. கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கேட்டுவிட்டேன்.

குறுவை அறுவடை முடிந்தது. கொள்முதல் நிலையத்தில் இடமில்லை என்று நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்திருந்தேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயின் ஒரு முனையை நான் இழுத்தால் மறுமுனையைக் காற்று தூக்குகிறது. உரக்கடை ஜாஃபர் சாதிக் தம்பிதான் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து பிடித்தார். அண்ணன் எப்ப வர்றாங்க என்று கேட்டார். வருவாங்க என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்ல?

திடலில் உங்கள் கல் புத்தர் சுகம். நீங்கள் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் ஊர் அவரை முனீஸ்வரன் என்றுதான் நம்புகிறது. போன வெள்ளிக்கிழமையும் யாரோ சுருட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தாலுக்கா ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அவர் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்தீர்களே, அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் ஒருநாள் போய் உட்கார்ந்தேன். மூச்சைக் கவனித்தேன். மோட்டாரை நிறுத்தினேனா இல்லையா என்ற நினைப்பு வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. மனசு அடங்கியது உண்மைதான். ஆனால் எனக்கு ஞானம் ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்தில் நீங்கள் இல்லை என்பதுதான் இன்னும் நன்றாகத் தெரிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் தம்பி தியாகராசன் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. தட்டிலிருந்து வளையலை எடுக்கப் போனேன். ஞானாம்பாள் குறுக்கே வந்து, அக்கா நீங்க சந்தனத்தைக் கரைச்சுக் கொடுங்களேன் என்றாள். பெற்றவளுக்குப் பயம். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். புருஷன் சாமியாராகப் போனவள் பூவும் பொட்டுமாக இருந்தாலும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. சந்தனத்தைக் கரைத்துக் கொடுத்தேன். பந்தியில் உட்கார்ந்து எல்லாச் சாதமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

மனைவி சம்மதம் எழுதிக் கொடுத்தால்தான் காவி உடை தருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம் குந்தவை மஸ்கட்டிலிருந்து கத்துகிறாள். நீ எழுதிக் கொடுக்காதம்மா, அப்பா தானா வந்துடுவாங்க என்கிறாள். அவள் சொல்வது சரிதான். வந்துவிடுவீர்கள். வந்து, போட்டதைச் சாப்பிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லி, திடலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்படிப்பட்டவரோடு இந்த வீட்டில் இருந்து பார்த்தவள்தானே நான். அந்தத் தனிமைக்கு இது தேவலாம்.

ஆகவே சம்மதிக்கிறேன். மனப்பூர்வமாக என்று சேர்த்து எழுதச் சொல்லியிருந்தீர்கள். அதை மட்டும் சேர்க்க முடியாது. பொய் சொல்லி உங்களுக்குத் துறவு வாங்கித் தர மாட்டேன். அது இல்லாமல் செல்லாது என்றால் அந்தப் பெரியவர்கள் உங்களைத் திருப்பி அனுப்பட்டும். நான் ஒன்றும் வருத்தப்பட மாட்டேன்.

நீங்கள் விட்டுப்போன புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். பிட்சைக்குப் போகும் துறவி நல்ல வீடு, ஆகாத வீடு என்று பார்க்கக் கூடாதாம். எதையும் விடாமல் வரிசையாகப் போக வேண்டுமாம். என்றைக்காவது நம் தெருவுக்கு வந்தால் அந்த விதியை மீறாதீர்கள். அத்தான் என்று கூப்பிட மாட்டேன். ஏன் இப்படி இளைத்துப் போனீர்கள் என்று கேட்க மாட்டேன். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறேன். எங்கள் வீட்டைத் தாண்டி மட்டும் போய்விடாதீர்கள்.

தேடுவது உங்களுக்குக் கிடைக்கட்டும்.

இதைப் படித்து முடிக்கும்வரை உங்கள் மனைவியான,
பிரகதீஸ்வரி